வாசலில் நிற்கும் பெரிய காரைத் தர்மத்துக்குக் கொடுக்கலாமா?

வடசென்னையில், ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூர் உள்தெருக்களிலும் வெளுத்துப்போன தார்ப்பாய்க்கு அடியில் நீளமான கார் ஒன்று நிற்பது பழகிப்போன காட்சி. கான்டெஸாவாக இருக்கும். இல்லாவிட்டால் 2000-க்குப் பிறகு வந்த ஹோண்டா அக்கார்டு, டொயோட்டா கேம்ரி, ஹூண்டாய் சொனாட்டா. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்தியவர், காசிமேட்டிலிருந்து இறால் அனுப்பியவர், சவுகார்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்தவர் என்று கை ஓங்கியிருந்த காலத்தில் யாரோ ஆசையாக வாங்கியது. அவர் இப்போது இல்லை, அல்லது ஓட்டுகிற வயதில் இல்லை. பிள்ளைகள் சின்ன கார் வைத்திருக்கிறார்கள். பெரிய காருக்கு இந்தத் தெருவில் திரும்பவே இடம் கிடையாது. வித்தால் என்ன வந்துவிடப் போகிறது, ஏதாவது ஆசிரமத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுத்துவிடலாமே என்ற பேச்சு அங்கேதான் கிளம்புகிறது.

மனசு நல்ல மனசுதான். ஆனால் நம் ஊர் சட்டத்தையும் செலவுக் கணக்கையும் அடுக்கிப் பார்த்தால், பத்தில் எட்டொன்பது பேருக்கு என் பதில் ஒன்றுதான்: காரை விற்றுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். காரையே கொடுப்பது பொருந்துகிற இடங்களும் உண்டு, அவை கொஞ்சம்.

இந்த யோசனை பல வீடுகளுக்கு அமெரிக்காவிலிருந்துதான் வந்து சேர்கிறது. எடிசனிலோ டல்லாஸிலோ இருக்கும் அக்கா மகன், தன் பழைய பியூக்கையோ கிரவுன் விக்டோரியாவையோ ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததாகச் சொல்வான். ஒரு போன் போட்டானாம், இழுவை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனதாம், வரியிலும் கழிவு கிடைத்ததாம். அங்கே அது நடப்பது உண்மை. எப்படி நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த நிறுவனம் பெரும்பாலும் காரை வைத்துக்கொள்வதில்லை. ஏலத்துக்கு அனுப்புகிறது. பல இடங்களில் நடுவில் ஒரு லாப நோக்கு நிறுவனம் நின்று, வண்டியை எடுப்பது, விற்பது, காகிதம் போடுவது எல்லாவற்றையும் செய்து தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. 2004 வரை கொடுத்தவர் சந்தை விலைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே ஒரு மதிப்பைப் போட்டு வரிக்கழிவு கேட்கலாம். ஓடாத வண்டிக்கும் ஓடுகிற வண்டியின் விலையைப் போட்டார்கள். அதனால் 2004-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2005 ஜனவரி முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால் அந்த நிறுவனம் உண்மையில் எவ்வளவுக்கு விற்றதோ அந்தத் தொகை வரைதான் என்று ஆனது. நிறுவனமே காரைக் கணிசமாகப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் பழுது பார்த்தாலோ, ஏழைக்கு மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்தாலோ மட்டும் சந்தை மதிப்பு செல்லும். அதற்கென்றே 1098-சி என்று ஒரு படிவம் இருக்கிறது.

ஆக, அமெரிக்காவிலேயே தர்மமாகப் போய்ச் சேருவது கார் அல்ல, காரை விற்ற பணம். அங்கே விற்கிற வேலையைச் செய்ய ஒரு தொழிலே இருக்கிறது, கொடுப்பவருக்கு வரியில் லாபம் இருக்கிறது. இங்கே இரண்டும் இல்லை.

வரியை முதலில் முடித்துவிடலாம். நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவுப்படி கழிவு கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும், வாய்ப்பழக்கத்தில் இன்னமும் 80ஜிதான். 1961 சட்டத்தின் அந்தப் பிரிவிலேயே ஒரு விளக்கம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: நன்கொடை பணமாக இருந்தால் மட்டுமே கழிவு. அரிசி மூட்டை, கம்பளி, கார் எதற்கும் கிடையாது. பணத்திலும் ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. செக், யூபிஐ, வங்கிப் பரிமாற்றம் என்று போக வேண்டும். புதிய வரிமுறையை, அதாவது 'நியூ ரெஜீம்' என்பதைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. இவ்வளவு தெளிவாக இருந்தும், "உங்க காருக்கு ரெண்டு லட்சம்னு ரசீது போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அவர்களிடமிருந்து ஒதுங்கிவிடுவது நல்லது. பொருளுக்குப் பண ரசீது போடுகிற நிறுவனம் மற்ற கணக்குகளை எப்படி எழுதும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, பலர் கவனிக்காதது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. சொந்தப் பயன்பாட்டுக்கான அசையும் பொருள் என்று சட்டம் அதை ஒதுக்கி வைத்திருக்கிறது. தனி ஆள் தன் காரை விற்றால் ஜிஎஸ்டியும் இல்லை. அது பழைய கார் வியாபாரிகளின் லாபத்தின் மேல்தான் விழுகிறது. எனவே ஒரு லட்சத்துக்குக் காரை விற்று, அந்த ஒரு லட்சத்தை 80ஜி பதிவுள்ள சாதாரண அறக்கட்டளைக்கு வங்கி வழியாகக் கொடுத்தால், பழைய வரிமுறையில் பாதித் தொகை, அதாவது 50,000 ரூபாய், வருமானத்திலிருந்து கழியும். 30 சதவீத வரி கட்டுபவருக்கு செஸ் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சம். மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு ஒன்று உண்டு, ஒரு லட்சம் கொடுக்கிற பெரும்பாலோரை அது தொடாது. அதே காரைக் காராகவே கொடுத்தால் மிச்சம் பூஜ்யம். வாங்கும் இல்லத்துக்கும் பணம் வந்தால் அந்த மாதம் மளிகைக்கு ஆகும், மருந்துக்கு ஆகும், ஆயாவின் சம்பளத்துக்கு ஆகும். கார் வந்தால் கார் மட்டும்தான்.

அடுத்தது பெயர் விவகாரம். வரியை விட இதுதான் ஆளைக் கவிழ்க்கும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் பதிய வேண்டியதில்லை. கையில் ஒப்படைத்தாலே தானம் முடிந்தது. சாவியைக் கொடுத்து, போட்டோ எடுத்து, சால்வை போர்த்திவிட்டால் அந்தச் சட்டத்தின் கண்ணில் கார் கைமாறிவிட்டது. ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உரிமையாளர் என்றால் ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றிதழில், பெயர் உள்ளவர். இரண்டு சட்டமும் வேறு வேறு ஆளைப் பார்க்கின்றன. விபத்து நடக்கும் நாளில் எந்தச் சட்டம் பேசும் என்பதில் சந்தேகமே இல்லை.

2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. 2007-இல் விற்கப்பட்ட ஒரு கார் இரண்டு மூன்று கை மாறியிருந்தது. ஆனால் ஆர்சியில் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-இல் விபத்து. யாரிடம் கார் இருந்தது, யார் ஓட்டினார்கள், எத்தனை ரசீது இருக்கிறது என்பதெல்லாம் இருந்தும், பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று தீர்ப்பானது. பாதிக்கப்பட்டவர், யார் யாருக்கு விற்றார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம், நியாயமான காரணமும் கூட. இன்சூரன்ஸ் விட்டுப்போன காரை ஆசிரமத்துக்குக் கொடுத்து, அதை யாரோ ஓட்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஏதாவது ஆனால், கொடுத்த புண்ணியவான் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும்.

ஆகவே எந்த வழியில் போனாலும் பெயர் மாற்றம் கட்டாயம். கொடுப்பவர் படிவம் 29, வாங்குபவர் படிவம் 30. மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள், வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காருக்குக் கடன் இருந்து அடைத்திருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதத்தோடு படிவம் 35 போட்டு ஆர்சியில் இருக்கும் அந்தக் குறிப்பை நீக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் அடைத்து முடித்த கடன் ஆர்சியில் மட்டும் உயிரோடு இருப்பது சர்வ சாதாரணம். பாக்கி இருக்கும் போக்குவரத்து அபராதங்களையும் கட்டித் தீர்க்க வேண்டும். அறக்கட்டளை பெயருக்கு மாற்றுவதென்றால் அவர்களுடைய அறக்கட்டளைப் பத்திரம், பான், கையெழுத்துப் போட அதிகாரம் பெற்றவரின் தீர்மானம் எல்லாம் தேவைப்படும். "என் பேர்லயே மாத்திக்கிறேன் சார், டிரஸ்ட் பேர்ல எதுக்கு" என்று நிர்வாகி சொன்னால், நீங்கள் கொடுப்பது தர்மத்துக்கா அவருக்கா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா பெயரில் இருக்கும் கார், அப்பா இல்லை என்றால் இன்னொரு படி கூடுகிறது. சட்டப்படி இறப்பை 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதம் வரை வாரிசு ஓட்டலாம், அதற்குள் படிவம் 31 போட்டுத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். நடைமுறையில் யாரும் அந்த மூன்று மாதத்தில் காரை நினைப்பதில்லை. பிறகு தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ உள்ள தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அப்புறம்தான் டிஎன் 03 என்றால் தண்டையார்பேட்டை ஆர்டிஓ. துபாயில் இருக்கும் தம்பியின் கையெழுத்துக்கு நாலு மாதம் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அது முடியாமல் காரை யாருக்கும் கொடுக்க முடியாது, விற்கவும் முடியாது.

வயதும் தனியே ஒரு கணக்கு. தனியார் கார்களுக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். டெல்லியைப் போல இத்தனை வயதானால் ஓட்டவே கூடாது என்று இங்கே தடை இல்லை. ஆனால் காசு இருக்கிறது. புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தாமதமான மாதங்களுக்குத் தனிக் கட்டணம், பசுமை வரி, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கிற நாளுக்காக வண்டியை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவரும் செலவு எல்லாம் மேலே. ஆர்சி காலாவதியான காரைப் பெயர் மாற்ற முதலில் இதையெல்லாம் முடிக்க வேண்டும். இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதைப் பேசாமலே நடக்கும் தானங்கள்தான் அதிகம்.

சரி, எல்லாக் காகிதமும் சுத்தமாக இருக்கிறது, கார் ஓடவும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிற இல்லத்துக்கு அது எப்படி இருக்கும்? 1,500 சிசிக்கு மேற்பட்ட இன்ஜின் என்றால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே, 2022-இல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, வருடத்துக்கு 7,897 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் 9,300 தாண்டும். 1,000 முதல் 1,500 சிசி வரையான காருக்கு அதே இன்சூரன்ஸ் 3,416. பெட்ரோலில் இன்னும் வித்தியாசம். 2.4 லிட்டர் இன்ஜின் வைத்த கார், மணிக்கூண்டிலிருந்து மூலக்கடை வரை நெரிசலில் ஊர்ந்தால் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிசு. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்து தினம் முப்பது கிலோமீட்டர், மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 9,400 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் சின்ன காருக்கு 5,000 போதும். டிரைவர் சம்பளம் இதில் சேரவில்லை. 2010-க்கு முந்தைய வண்டி என்றால் புகைச் சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் தயாரிக்கப்பட்டவை அல்ல.

உதிரி பாகம் இன்னொரு தலைவலி. கான்டெஸாவை 1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் தயாரித்தது. நிறுத்தி இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஃபோர்டு மாண்டியோ வைத்திருந்தவர்களுக்கு இன்னும் மோசம். ஃபோர்டே 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலை 2022 ஜூலையோடு ஓய்ந்துவிட்டது. புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், ஆனால் தேட ஒரு ஆளும் ஒரு நாளும் வேண்டும். முதியோர் இல்லத்தில் இரண்டும் உபரியாக இருப்பதில்லை.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் நின்ற கார் என்றால் துருவைத் தனியாகப் பார்க்க வேண்டும். வெளியே பெயிண்ட் மினுமினுக்கும். டிரைவர் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், ஈரம் ஊறிய பஞ்சுக்குக் கீழே தகடு பிஸ்கட் மாதிரி உதிரும். கதவின் அடி விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், சஸ்பென்ஷன் மேல்முனை பாடியோடு சேரும் இடம், இந்த மூன்றிலும் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லக் குத்தினால் உண்மை தெரிந்துவிடும். உப்புக் காற்று உள்ளே இருந்துதான் தின்னும். நின்ற வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கும், டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டு பிசினாகி இன்ஜெக்டரை அடைத்திருக்கும், டயர் ஒரே பக்கம் தட்டையாகியிருக்கும்.

"பாய், வண்டி ஓடுமா?"

"ஓட வச்சுரலாம் சார். ஓடிக்கினே இருக்கணும்னாதான் செலவு."

ராயபுரத்து மெக்கானிக் ஒருவர் சொன்ன இந்தப் பதிலில் பாதிக் கட்டுரை அடங்கிவிடும். 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ வெள்ளத்தில் நின்ற கார் என்றால் இன்னும் ஒரு படி மேலே. கண்ட்ரோல் யூனிட், ஏர்பேக் கனெக்டர், சீட்டுக்குள் உள்ள வயரிங் எல்லாம் நாள் கழித்துத்தான் பழி வாங்கும். அப்படிப்பட்ட காரை, வெள்ளத்தில் நின்றது என்று சொல்லாமல் கொடுப்பது தானமே இல்லை.

வசதியையும் பார்க்க வேண்டும். இல்லத்துக்கு வண்டி தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போக. முட்டி வலியோடு இருக்கும் பாட்டிக்குத் தாழ்வான செடான் சீட்டில் இறங்கி உட்காருவதும், அதிலிருந்து எழுவதும் பெரும்பாடு. சக்கர நாற்காலியை டிக்கியில் வைக்கலாம் என்றால், கேஸுக்கு மாற்றிய வண்டியில் அங்கே ஏற்கனவே சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போக முடியாது, அவ்வளவு தாழ்வான வண்டி. பக்கவாட்டுக் கதவு தள்ளித் திறக்கும் மாருதி ஈகோ மாதிரி ஒரு வேன் இவர்களுக்குப் பத்து மடங்கு உபயோகம். காரை ஆம்புலன்ஸாக மாற்றிக்கொள்ளட்டுமே என்பார்கள். ஆம்புலன்ஸுக்கு என்று தனித் தரவிதிகள் இருக்கின்றன. பதிவு செய்த வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் விடாது. நீல விளக்கை மேலே ஒட்டிவிட்டால் ஆம்புலன்ஸ் ஆகிவிடாது.

காரையே கொடுப்பது எப்போது சரி? பத்துப் பன்னிரண்டு வயதுக்குள், சர்வீஸ் புத்தகத்தோடு, தினமும் ஓடிக்கொண்டிருக்கும் கார். வாங்குகிற இடத்தில் டிரைவரும், வண்டி நிறுத்த இடமும், மாதச் செலவுக்கு வழியும் இருக்கின்றன. அவர்களே கார் வேண்டும் என்று கேட்கிறார்கள். அப்போது தாராளமாகக் கொடுக்கலாம். முதல் வருட இன்சூரன்ஸையும் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பல வருடம் உங்களிடமே வண்டி ஓட்டியவருக்குக் கொடுக்க நினைப்பவர்களும் உண்டு. தனி ஆளுக்குப் பரிசாகப் போகும் கார் பொதுவாக அவர் கையில் வருமான வரிக்குள் வராது. வரி விதிக்கப்படும் பரிசுப் பொருள்களின் பட்டியலில் நிலம், வீடு, நகை, பங்கு, ஓவியம் எல்லாம் உண்டு, கார் இல்லை. ஆனால் அவர் அதை வாடகைக்கு ஓட்ட முடியாது, வெள்ளை போர்டை மஞ்சள் போர்டாக்குவது தனி வேலை, அதுவும் பழைய பெரிய பெட்ரோல் காரை வைத்து ஓட்டினால் கையில் ஒன்றும் நிற்காது.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று: மோட்டார் மெக்கானிக் பிரிவு நடத்தும் ஐடிஐ அல்லது பாலிடெக்னிக். சாலையில் ஓடத் தகுதியில்லாத கார்கூட அங்கே பாடப்புத்தகம் ஆகும். நான்கு சிலிண்டர் இன்ஜெக்‌ஷன் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் என்று அந்தக் காலத்துச் சின்ன கார்கள் பலவற்றில் இல்லாத பலவும் பெரிய காரில் இருக்கும். வியாசர்பாடிப் பையன் ஒருவன் அதைக் கழற்றி மாட்டிப் பழகினால், வேலைக்குப் போகிற இடத்தில் முதல் நாளே கை நடுங்காது. முதல்வரிடம் முன்கூட்டியே பேசி எழுத்துமூலமான சம்மதம் வாங்க வேண்டும். இனி சாலைக்கு வராத வண்டி என்றால் ஆர்டிஓவில் பதிவையும் முறைப்படி ரத்து செய்துவிட வேண்டும். நிரந்தரமாக ஓட்ட முடியாமல் போன வண்டியை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 55-ஆவது பிரிவு.

பொருளை வாங்கிய அமைப்பே அதைப் பணமாக்கியதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2021 டிசம்பரில் குருவாயூர் கோவிலுக்கு மஹிந்திரா நிறுவனம் ஒரு புது தார் ஜீப்பைக் காணிக்கையாகக் கொடுத்தது. கோவில் நிர்வாகம் அதை ஏலம் விட்டது. முதல் ஏலத்தில் 15.10 லட்சம். ஒரே ஒருவர்தான் கேட்டார் என்று சர்ச்சை கிளம்பி, 2022 ஜூனில் மறு ஏலம் விட்டபோது 43 லட்சம். குருவாயூரப்பனின் வண்டி என்பதால் கிடைத்த விலை அது. நம் அப்பாவின் சொனாட்டாவுக்கு அப்படி யாரும் கை தூக்க மாட்டார்கள். விற்கிற சிரமத்தை ஒரு இல்லத்தின் தலையில் வைப்பதை விட, காரைப் பற்றி முழுக்கத் தெரிந்த நீங்களே விற்றால்தான் நல்ல விலை வரும். கான்டெஸா வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதைத் தேடுகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். காயலாங்கடைக்காரர் சொல்லும் எடை விலையும், கான்டெஸா பைத்தியம் ஒருவர் சொல்லும் விலையும் கொஞ்சமும் ஒட்டாது.

எதற்கும் ஆகாத கார் என்றால் கடைசியாக இருப்பது உடைப்பு. வடசென்னையில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. காரைப் பார்த்துக் கதவைத் தட்டுவார்கள். ஆனால் 2021-இல் மத்திய அரசு வாகன உடைப்புக் கொள்கையையும் அதற்கான விதிகளையும் கொண்டுவந்த பிறகு, பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். அங்கே காரை ஒப்படைத்ததும் ஒப்படைப்புச் சான்றிதழ், உடைத்து முடித்ததும் உடைப்புச் சான்றிதழ். பணம் வங்கிக் கணக்குக்கு வரும், சேசிஸ் எண் உள்ள துண்டை வெட்டித் தனியே வைப்பார்கள், பதிவும் ரத்தாகும். சந்து முனையில் கொடுத்தால் சேசிஸ் எண்ணும் ஆர்சியும் எங்கே போகும் என்று தெரியாது. திருட்டு வண்டி ஒன்று உங்கள் காரின் எண்ணோடு மறுபிறவி எடுக்கலாம். ஒப்படைப்புச் சான்றிதழுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை, சாலை வரியிலும் தள்ளுபடி. மத்திய விதி தனியார் கார்களுக்கு 25 சதவீதம் வரை அனுமதிக்கிறது, எவ்வளவு என்பதை மாநிலம் முடிவு செய்யும். அந்தச் சான்றிதழை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

1,400 கிலோ எடையுள்ள கார் வெறும் இரும்பு இல்லை. இன்ஜின் ஆயில், கூலண்ட், ஏசி வாயு, பேட்டரியின் ஈயமும் அமிலமும், புகைக்குழாயில் இருக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம் எல்லாம் இருக்கிறது. கன்வர்ட்டரைப் பிடுங்கி விற்கத் தெரிந்தவர்களுக்கு எஞ்சிய ஆயிலை எங்கே ஊற்றுவது என்ற கவலை இருக்காது, பக்கிங்ஹாம் கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது. மணலியின் புகையையும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும் 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெயையும் பார்த்துவிட்ட பகுதிக்கு, தர்மக் கணக்கில் இதுவும் சேர வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாகச் சில காகித வேலைகள், எந்த வழியைத் தேர்ந்தாலும். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள், "மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பாஸ்டேக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு சுங்கச் சாவடியில் யாரோ போவதற்கு உங்கள் கணக்கில் கழியும். டேஷ்போர்டு அறையில் கிடக்கும் பழைய ஆர்சி நகல், ஆதார் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ் கடிதம் கேட்டு வாங்குங்கள். அது காரோடு போவதல்ல, உங்களோடு வருவது, அடுத்த காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். பணமாகக் கொடுத்தவர்கள் அறக்கட்டளையிடம் வெறும் ரசீதோடு நிற்காமல், அவர்கள் வரித் துறையில் பதிவேற்றிய பிறகு வரும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். 1961 சட்டத்தின் கீழ் அதற்கு 10பிஇ என்று பெயர். அது இல்லாமல் கழிவு கேட்டால் கணினியே தள்ளிவிடும்.